நாலாவது கேசட்

அத்தை,

நேற்று அடாப்டரை ப்ளக்கில் சொருகியதும் அந்த வாசனை வந்தது. தூசி படிந்த பிளாஸ்டிக் சூடாகும் வாசனை. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வாசற்படியிலேயே அது என் மூக்கில் ஏறும். நீங்களோ டிவியின்மேல் துணியைப் போட்டு மூடிவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பீர்கள். "இன்னைக்கு எத்தனாவது மாடி அத்த?" என்று கேட்பேன். வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே "அஞ்சு" என்பீர்கள்.

தம்பி ஆரோக்கியம் அந்த வீடியோ கேம் பெட்டியை விற்கப் போகிறான். பஸ் ஸ்டாண்டு பக்கம் கேம் கடை வைத்திருக்கும் ஒருவர் பழையதையும் எடுத்துக்கொள்கிறாராம். "ஓடுதான்னு மட்டும் பாத்து வையிக்கா" என்று சொல்லிவிட்டுப் போனான். பரணிலிருந்து நான்தான் இறக்கினேன். மஞ்சள் கேசட் மூன்று, சிவப்புக் கேசட் ஒன்று. சிவப்பை மட்டும் தள்ளி வைத்தேன். அதைத் தொட எனக்கு இன்னும் பிடிக்கவில்லை.

இந்தப் பெட்டி நம் வீட்டுக்கு எப்படி வந்தது என்று யாராவது கேட்டால், அப்பா இன்றைக்கும் "மாப்பிள்ளை சிங்கப்பூர்லேருந்து குடுத்து விட்டாரு" என்று பெருமையாகத்தான் சொல்கிறார். கல்யாணம் முடிந்து நாலாவது மாதம் மாமா கப்பல் பட்டறை வேலைக்குத் திரும்பிப் போனார். அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவை வந்தார், அதுவும் அவர் அம்மாவை அடக்கம் பண்ண. அந்தச் சாவோடு கொத்தமங்கலம் வீட்டைப் பூட்டிச் சாவியை உங்கள் கொழுந்தனிடம் கொடுத்தார்கள். உங்களை எங்களிடம் கொடுத்தார்கள். அடுத்த வருஷம், ஊருக்கு வந்த ஒருவர் கையில் இந்தப் பெட்டியும் இரண்டு மஞ்சள் கேசட்டும் வந்தன. கூடவே நாலு வரிக் கடிதம்: பிள்ளைகளுக்குப் பொழுது போகும், உனக்கும் போகும், மூன்றாவது பாகத்தை நானே கொண்டு வருகிறேன். மூன்றாவது பாகமும் வேறொருவர் கையில்தான் வந்தது.

அம்மா காலையில் டவுன் பஸ் பிடித்துக் கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போய்விடுவாள். அப்பா ஆபீசுக்கு. நாங்கள் இருவரும் பள்ளிக்கூடத்துக்கு. நாலு பேருக்கும் டிபன் டப்பா கட்டி, துணி துவைத்து, குழாயில் தண்ணீர் பிடித்து வைத்தது நீங்கள். எங்கள் வீட்டில் வேலைக்கு ஆள் வைத்ததில்லை என்று அம்மா எல்லாரிடமும் சொல்வாள். உண்மைதான். தேவைப்படவில்லை.

அந்த விளையாட்டுக்கு என்ன பெயர் என்று நமக்குத் தெரியாது. லேபிளில் இருந்தது ஜப்பான் எழுத்தா சீன எழுத்தா என்றும் தெரியாது. கோட்டை கேம் என்றோம். ஏழு மாடிக் கோட்டை, உச்சியில் ஒரு சன்னல், சன்னலில் நீலப் பாவாடைக்காரி ஒருத்தி. வாள் வைத்திருப்பவன் மாடி மாடியாக ஏறிப் போய் அவளை மீட்க வேண்டும். முதல் பாகத்தில் மீட்டான். இரண்டாம் பாகத்தில் ஒரு பெரிய பறவை அவளை மறுபடி தூக்கி வந்து அதே சன்னலில் வைத்தது. மூன்றாம் பாகத்தில் பறவைக்குப் பதில் பாம்பு. எழுத்து புரியாததால் நடுவில் அவர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதை நாமே சொல்லிக்கொண்டோம். பக்கத்து வீட்டுக் கண்ணன் அந்த விஷயத்தில் பெரிய மனிதன். திருச்சியில் காசு கொடுத்து விளையாடும் கடையைப் பார்த்தவன் என்பதால் அவன் சொல்வதுதான் கதை. பறவை அவளுடைய சொந்த மாமன் என்பான். அவளைக் கட்டிக் கொடுக்கவில்லை என்று கோபமாம்.

நீங்கள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள். முதல் தடவை நாங்கள் விளையாடுவதை வாசல் நிலையில் சாய்ந்து நின்று பார்த்துவிட்டுக் கேட்டீர்கள்.

"அவன் ஏறி வந்த படி அங்கனதான இருக்கு. அவளே எறங்கி வந்தா என்னவாம்?"

கண்ணன் சிரித்தான். "அத்த, அவ எறங்கி வந்துட்டா அப்பறம் கேம் எங்குட்டு இருக்கு?"

"அதுவுஞ் சரித்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனீர்கள்.

நமக்கு ஒரு சட்டம் இருந்தது. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து ஏழு மணி ஜெபமாலை வரைக்கும்தான் டிவி. அதற்குள் மூன்று பேர் விளையாட வேண்டும். அதனால் செத்தாலும் சரி, ஜெயித்தாலும் சரி, ஆட்டம் முடிந்த நொடியில் கேம் ரிமோட்டை அடுத்தவனிடம் கொடுத்துவிட வேண்டும். அவன் உடனே ஸ்டார்ட் பட்டனை அமுக்குவான். மூன்றாம் பாகத்தை நாங்கள் மூவரும் எத்தனையோ தடவை முடித்திருக்கிறோம். கோட்டை வாசல் திறக்கும், அவனும் அவளும் வாசலுக்குள் நிற்பார்கள், மேலே நாலு வரி எழுத்து வரும். "கைய எடுறா, கைய எடு" என்று அடுத்தவன் பிடுங்கிவிடுவான். அதுதான் முடிவு என்று நினைத்தோம்.

நீங்கள் பகலில் விளையாடுகிறீர்கள் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். காய்ச்சல் என்று பாதியில் வீட்டுக்கு வந்த ஒரு நாள் பார்த்துவிட்டேன். ஈரக்கையை முந்தானையில் துடைத்துத் துடைத்து விளையாடினீர்கள். எங்களைவிட நன்றாக. கடைசி மாடியில் கத்தியை வீசும் அந்தத் தடியனைக் கண்ணனே பத்தில் ஒரு தடவைதான் தாண்டுவான். நீங்கள் எனக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள்: "மூணு தடவ வீசுவான். நாலாவதுக்கு மூச்சு வாங்குவான். அதுவரைக்கும் குனிஞ்சே கெட. அப்பறம் எந்திரிச்சு அடி." இப்போது நினைத்தால் எரிச்சலாக வருகிறது. குனிந்து கிடந்ததுதான் எத்தனை வருஷம்.

அந்த வருஷம்தான் உங்களுக்கு அந்தக் கடிதம் வந்தது. உங்களுக்குத் தனியாகக் கடிதம் வந்தால் அப்பா பிரிப்பார் என்பதால், என் பள்ளிக்கூடத்து சிஸ்டர் ஒருவர் வழியாகத்தான் வேலை கேட்டு எழுதியிருந்தீர்கள். பதிலையும் அவர் என்னிடம்தான் கொடுத்தார். கணக்குப் புத்தகத்துக்குள் வைத்துக் கொண்டுவந்தேன். திருச்சியில் கன்னியர்கள் நடத்தும் பெண்கள் விடுதியில் சமையலையும் சாமான்களையும் பார்த்துக்கொள்ளும் வேலை. தங்க அறை உண்டு. ஜூன் மாதம் வந்து சேரச் சொல்லியிருந்தார்கள். படித்துவிட்டு அரிசிப் பானைக்குள் சொருகி வைத்தீர்கள். "வாயத் தொறந்துறாத புள்ள. நாம் போயி சேந்துட்டு நானே எழுதிக்கிறேன். இங்கன இருந்து கேட்டா விடமாட்டாக" என்றீர்கள். சத்தியம் வாங்கவில்லை. என்னை நம்பினீர்கள்.

அந்த வாரத்தில்தான் குழாயில் தண்ணீர் கெட்ட நேரத்தில் வந்தது. நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன், நீங்கள் சொல்லித்தான் தெரியும். மூன்றாம் பாகத்தை முடித்த அதே நிமிஷம் தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று சத்தம். ரிமோட்டைப் போட்டுவிட்டுக் குடத்தோடு ஓடினீர்கள். ஒவ்வொரு குடமாகக் கொண்டுவந்து அண்டாவில் ஊற்றும்போதெல்லாம் டிவியை ஒரு பார்வை. அவர்கள் இருவரும் நின்றபடியே நின்றார்கள். எட்டாவது குடத்தை ஊற்றும்போது அவள் மட்டும் நகர்ந்தாள். அவனை விட்டுவிட்டு, வாசலைப் பார்க்க.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் நடந்ததைத்தான் நான் எழுத வேண்டும். ஐந்து வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை.

கண்ணன் ஒரு செய்தியோடு வந்திருந்தான். "நாலாவது பாகம் வரப்போகுதாம்டா. அதுலயும் அவளத்தான் தூக்கிட்டுப் போறாய்ங்களாம்."

"இந்தத் தடவ யாரு? தேளா?" என்றான் ஆரோக்கியம்.

"யாரா இருந்தா என்ன. நம்மாளு போயி மீட்பான்."

அடுப்படியிலிருந்து உங்கள் குரல் வந்தது. "நாலு வராது. கத முடிஞ்சு போச்சு. அவ போயிட்டா."

"எங்குட்டு?"

"வெளியதான். பாலத்தத் தாண்டி, மரமாத் தெரியும்ல, அங்குட்டு. இவன் வாளை வச்சுக்கிட்டு அங்கனயே நிக்கிறான்."

"ஒத்தையிலயா போனா?"

"ஏன், கோட்டைக்குள்ள இருக்கயில ஒத்தையிலதான இருந்தா?"

கண்ணனால் தாங்க முடியவில்லை. கதை அவனுடையது. "அத்த, நான் எத்தன தடவ முடிச்சிருக்கேன். ரெண்டு பேரும் நிப்பாக, எழுத்து வரும், அம்புட்டுத்தான்."

"நீங்க எங்க இருந்து பாத்தீக? வாசல் தொறக்கங்குள்ள அடுத்தவன் பட்டன அமுக்கிர்றான். கைய எடுத்துட்டுச் சும்மா விட்டுப் பாருங்க. கொஞ்ச நேரம் செண்டு அவ நடப்பா."

"அமுக்காம பொம்ம எப்பிடி நடக்கும்? கரண்டு கொறஞ்சு படம் ஆடியிருக்கும். அத்தைக்கு அதுலயே கத."

ஆரோக்கியத்துக்கு அப்போது பன்னிரண்டு வயது. அவனும் சிரித்துக்கொண்டே சொன்னான்: "விடுறா. மாமா வந்ததும் கேட்டுக்குவோம். அவுகதான எல்லா பாகமும் வாங்குறது."

"ஆமாண்டா, மாமா வந்ததும்" என்று கண்ணன் இழுத்தான். இரண்டு பேரும் உருண்டு சிரித்தார்கள். மாமா வரமாட்டார் என்பது தெருவுக்கே தெரிந்த நகைச்சுவையாக இருந்தது. நீங்கள் அருவாமனையிலிருந்து நிமிரவே இல்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. எதையும் பட்டென்று சொல்லிவிடுவது அப்போது எனக்கு ஒரு வீரமாகத் தெரிந்தது. "அத்தைக்குப் பொய் சொல்லத் தெரியாது. அவ போனா, அத்தையும் போகப் போறாக. திருச்சியில வேல கெடச்சிருச்சு. ஜூன் மாசம் போறாக. அப்பறம் நீங்களே சோத்தப் பொங்கித் தின்னுங்க."

சிரிப்பு நின்றது. அவர்கள் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் பார்த்தார்கள். அப்பா வாசலில் ஒரு செருப்பைக் கழற்றி, மறு செருப்போடு நின்றுகொண்டிருந்தார்.

அவர் அடிக்கவில்லை, கத்தவும் இல்லை. கத்தியிருந்தால் உங்களுக்கும் கத்த ஒரு வழி இருந்திருக்கும். நிதானமாக மறு செருப்பையும் கழற்றினார். பெஞ்சில் உட்கார்ந்தார். "என்ன வேல, ஆத்தா?" என்று கேட்டார். நீங்கள் அரிசிப் பானையிலிருந்து கடிதத்தை எடுத்துக் கொடுத்தீர்கள். இரண்டு தடவை படித்தார்.

"நல்ல எடந்தான். சிஸ்டருக நடத்துறது. நான் வேணாமுன்னு சொல்லல."

"அப்ப போயிட்டு வரவாண்ணே?"

"மாப்பிள்ளைக்கு ஒரு வார்த்த எழுதிக் கேட்டுருவோம். அவரு சரின்னா எனக்கென்ன? நாளைக்கு அவரு வந்து, எம் பொண்டாட்டிய எங்கன்னு கேட்டா நாம் பதில் சொல்லணும்ல."

"அவுக அஞ்சு வருசமாக் கேக்கலயே" என்றீர்கள். அவ்வளவு நேரடியாக நீங்கள் பேசி அன்றுதான் கேட்டேன்.

அப்பா கடிதத்தை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் பூசை முடிந்து பங்குச் சாமியாரிடமும் பேசினார். கோயிலில் கட்டினது கட்டினதுதான், புருஷன் சம்மதம் கேட்பதுதான் முறை என்று அவரும் சொல்லிவிட்டார். வளர்ந்த பொம்பளை சோறு பொங்கிப் போட திருச்சிக்குப் போவதற்கு, சிங்கப்பூரிலிருந்து ஒரு ஆண் கையெழுத்துப் போட வேண்டும் என்பதில் யாருக்கும் எந்தக் குழப்பமும் இல்லை. இங்கே எல்லாரும் நல்லவர்கள். அதுதான் பெரிய சுவர்.

உங்களிடம் மன்னிப்புக் கேட்க அன்று சாயங்காலம் கொல்லைக்கு வந்தேன். துணி எடுத்துக்கொண்டிருந்தீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள், "அழுகாத. நீ எனக்குப் பரிஞ்சுதான பேசுன" என்றீர்கள். திட்டியிருக்கலாம். அந்த ஒரு வரியை என்னால் இன்னும் முழுங்க முடியவில்லை.

ஜூன் போனது. விடுதியிலிருந்து ஒரு நினைவூட்டல் வந்தது, பிறகு அதுவும் இல்லை. ஆகஸ்டில் சிங்கப்பூரிலிருந்து பதில் வந்தது. ஒருவர் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார். அப்பா பார்சலைப் பிரித்தார். ஒரு சோப்பு டப்பா, ஒரு சேலை, ஒரு சிவப்புக் கேசட். கடிதம் இருக்கிறதா என்று சேலையை உதறிப் பார்த்தார். இல்லை. சரி என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை. உங்களுக்காகக் கேட்ட கேள்விக்கு மாமாவின் பதில் அந்த நாலாவது பாகம்தான்.

கண்ணன் ஓடி வந்தான். "சொன்னேன்ல அத்த, நாலு வருமுன்னு?" கேசட்டை ஊதிப் பெட்டியில் போட்டான். திரை நீலமாகி, கோட்டை வந்தது. ஏழு மாடி இப்போது ஒன்பது ஆகியிருந்தது. உச்சியில் சன்னல். சன்னலில் அவள்.

நீங்கள் வாசல் நிலையில் நின்று பார்த்தீர்கள். கொஞ்ச நேரந்தான். "திரும்பக் கொண்டாந்து வச்சுட்டாய்ங்களே" என்றீர்கள். யாரிடமும் இல்லை. அதற்குப் பிறகு அந்த வாசனை என்னை வாசற்படியில் பிடித்ததே இல்லை. நானே இரண்டு தடவை ரிமோட்டை நீட்டினேன். கை ஈரமாயிருக்கு என்றீர்கள்.

அன்று எனக்குக் கோபம் மாமாமேல் மட்டும்தான் இருந்தது. இப்போது அந்த கேம் செய்தவன்மேலும் இருக்கிறது. அவளை வெளியே விட்டால் அவனுக்கு அடுத்த பாகம் விற்காது. ஆகையால் பறவை, பாம்பு, தேள் என்று எதையாவது அனுப்பிக்கொண்டே இருப்பான். நம் வீட்டில் மட்டும் என்ன? நீங்கள் வெளியே போயிருந்தால் நாலு டிபன் டப்பாவை யார் கட்டுவது? கானாடுகாத்தானில் பூட்டிக் கிடக்கும் செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ வண்டி போட்டு வருகிறார்கள். பூட்டிக் கிடந்த உங்களைப் பார்க்க ஒரு ஆள் வரவில்லை.

அதற்கு மேல் எழுதுவதற்கு அதிகம் இல்லை. வயிற்றுவலியைச் சொல்லாமலே ஒரு வருஷம் கடத்தினீர்கள். சொன்னபோது மதுரைக்குக் கூட்டிப் போனார்கள். ஆபரேஷன் பண்ண வேண்டும் என்றதும், அப்பா மறுபடி சொன்னார்: மாப்பிள்ளைக்கு ஒரு வார்த்தை. இந்தத் தடவை போன் போட்டார்கள். நாலாவது நாள்தான் கிடைத்தார். சரி என்றார். டாக்டர் திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டார். அடக்கத்துக்கு மாமா வரவில்லை. பெட்டிமேல் போட மாலைக்குச் சொல்லியனுப்பினார்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. ஒரு கல்யாணத்துக்காக வீடே புதுவயலுக்குப் போய்விட்டது. நான் தலைவலி என்று தங்கிவிட்டேன். ஓடுகிறதா என்று பார்க்க மட்டும்தான் மூன்றாவது மஞ்சள் கேசட்டை ஊதிப் போட்டேன். ஓடியது. அப்புறம் விட முடியவில்லை. மத்தியானச் சோறு தின்னவில்லை. கடைசி மாடித் தடியனிடம் பதினோரு தடவை செத்தேன். பன்னிரண்டாவது தடவை குனிந்து கிடந்தேன். மூன்று வீச்சு, ஒரு மூச்சு. அடித்தேன்.

வாசல் திறந்தது. இருவரும் நின்றார்கள். நாலு வரி எழுத்து வந்தது. ரிமோட்டைத் தரையில் வைத்துவிட்டுக் கையை மடியில் கட்டிக்கொண்டேன்.

சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு கடினம் என்று எனக்கு அதுவரை தெரியாது அத்தை. பாட்டு திரும்பத் திரும்ப ஓடியது. பத்து நிமிஷத்துக்கு மேல் இருக்கும். கண்ணன் சொன்னது சரிதான், பொம்மைக்குத் தானாகக் கால் வராது என்று எழுந்திருக்கப் போனேன். அவள் நகர்ந்தாள்.

நீங்கள் சொன்னபடியே அவனை விட்டுவிட்டு நகர்ந்தாள். நீலப் பாவாடை ஆட ஒரு அடி, இரண்டு அடி. மூன்றாவது அடியில் வாசற்படிக்கு வந்தாள். அங்கே நின்றாள்.

நின்றுகொண்டே இருந்தாள். பாலம் வரவில்லை. மரம் வரவில்லை. திரை மெள்ள இருண்டு, மறுபடி முதல் படம் வந்தது: கோட்டை, சன்னல், ஸ்டார்ட்.

எனக்கு முதலில் ஆத்திரம்தான் வந்தது. பிறகுதான் குடங்களை எண்ணினேன். எட்டாவது குடத்தை ஊற்றும்போது அவள் நகர்வதைப் பார்த்தீர்கள். ஒன்பதாவது குடத்துக்குக் குழாயடிக்கு ஓடினீர்கள். திரும்பி வரும்போது திரை முதல் படத்துக்கு மாறியிருக்கும், வாசற்படியில் அவள் இல்லை. போய்விட்டாள் என்று எடுத்துக்கொண்டீர்கள். வேறென்ன நினைப்பீர்கள், பெட்டியில் துணி அடுக்கத் தொடங்கியிருந்த வாரம் அது. அந்தப் பாலத்தைப் போட்டது கேம் செய்தவன் இல்லை. இடுப்பில் குடத்தோடு தெருக்குழாய்க்கும் அண்டாவுக்கும் நடுவில் நடந்தபடி நீங்கள் போட்டது.

கல்யாணத்திலிருந்து ஆரோக்கியம்தான் முதலில் திரும்பினான். டிவியைப் பார்த்தான், தரையில் கிடந்த ரிமோட்டைப் பார்த்தான். அவனுக்கும் அந்தச் சனிக்கிழமை மறக்கவில்லை போலிருக்கிறது.

"பாத்தியாக்கா? அத்த சொன்னது நெசமா?"

இல்லாததைச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. உங்களுக்கே தெரியும், என் வாய் என்ன செய்யும் என்று.

"நெசந்தான்" என்றேன். "பாலத்தத் தாண்டிப் போயிட்டா."

அவன் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டினான். அப்புறம் பெட்டியைச் சுற்றிக் கட்டினான். மஞ்சள் மூன்றாவதை மட்டும் வெளியே எடுத்து என் பக்கம் நகர்த்தினான்.

அது இப்போது என் பைக்குள் இருக்கிறது. பெட்டி இல்லாமல் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. திருச்சியில் ஒரு அச்சகத்தில் கம்ப்யூட்டரில் எழுத்துக் கோக்கும் வேலை கிடைத்திருக்கிறது. தங்குவதற்கு அந்த விடுதியிலேயே இடம் கேட்டு எழுதினேன், இருக்கிறது என்ற பதில் நான் போகும் டைப்ரைட்டிங் வகுப்பு முகவரிக்கு வந்துவிட்டது. அப்பாவுக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. ஆரோக்கியத்திடம்கூடச் சொல்லவில்லை.

நாளை காலை ஆறு இருபது பஸ். உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.